அம்மை போட்ட பையனுக்கு ஆஸ்பிரின் கொடுத்துவிட்டார்கள், யாராவது விழித்திருக்கிறீர்களா?

வாசல்கோலம் | இரவு 11.12

பையனுக்கு ஏழு வயது, எடை 21 கிலோ. மூன்று நாள் முன்பு முதுகில் இரண்டு கொப்புளம் தெரிந்தது, மறுநாள் காலைக்குள் உடம்பெல்லாம் வந்துவிட்டது. சின்னம்மைதான் என்று டாக்டர் சொன்னார், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சிரப் எழுதிக் கொடுத்தார். இன்று நான் வேலைக்குப் போயிருந்தபோது காய்ச்சல் 102 வரை ஏறியிருக்கிறது. மாமனாருக்குப் பேரன் முனகுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தலைவலி வந்தால் அவர் போட்டுக்கொள்ளும் மாத்திரை ஒன்று உண்டு, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையுமே, அதில் மத்தியானம் பாதி, சாயங்காலம் பாதி கொடுத்திருக்கிறார். காய்ச்சல் இறங்கிவிட்டது, பையன் ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்குகிறான். நான் வந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தால் ஆஸ்பிரின் 350 மி.கி. என்று போட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது என்று எப்போதோ கேள்விப்பட்ட ஞாபகம், ஆனால் ஏன் என்று தெரியாது. இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? மாமாவிடம் இன்னும் எதுவும் கேட்கவில்லை, அவர் பாசத்தில் செய்தது.

மருந்துக்கடைக்காரன் | இரவு 11.31

தங்கச்சி, முதலில் ஒன்று. 21 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளில் 350 மி.கி. என்பது ஆஸ்பிரின் விஷமாகும் அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை, அந்தப் பயம் வேண்டாம். கூடாது என்று சொல்வதற்குக் காரணம் வேறு. சின்னம்மை, ஃப்ளூ மாதிரி வைரஸ் காய்ச்சல் இருக்கும் நேரத்தில் ஆஸ்பிரின் உள்ளே போனால், வெகு சில பிள்ளைகளுக்கு ரை சிண்ட்ரோம் என்ற நோய் வருகிறது, கல்லீரலையும் மூளையையும் சேர்த்துத் தாக்கும். மிக மிக அரிது. உங்கள் பையனுக்கு வராது என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனாலும் டாக்டரிடம் எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்று இப்போதே போனில் சொல்லிவிடுங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம். அந்த மாத்திரையை இனி கொடுக்கக் கூடாது. மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அதையும் கையில் எடுத்துப் போக வேண்டும்.

இரவுப்பணி | இரவு 11.48

லண்டனில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். அண்ணன் சொன்னது சரி, எதைக் கவனிக்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். இது வரும் விதம்தான் ஏமாற்றுவது. பிள்ளை நோயிலிருந்து தேறி வருவது போல இருக்கும், காய்ச்சல் விட்டிருக்கும், அப்பாடா என்று நாம் மூச்சு விடும் நேரத்தில் வாந்தி தொடங்கும். ஒன்றிரண்டு வாந்தி இல்லை, நிற்காத வாந்தி. அதோடு பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கும், எழுப்பினால் சரியாக விழிக்காது, இல்லையென்றால் அதற்கு நேர்மாறாகக் காரணமில்லாமல் கத்தும், அடிக்கும், உங்களையே யாரென்று தெரியாதது போலப் பார்க்கும். கைக்குழந்தைகளுக்கு வாந்திக்குப் பதிலாக வயிற்றுப்போக்கும் வேகமான மூச்சும் வரலாம். மஞ்சள் காமாலை தெரியாது, அதனால் கல்லீரல் பக்கம் யாருடைய எண்ணமும் போகாது. இதில் எதைப் பார்த்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டு சோடா, இஞ்சிச் சாறு என்று பார்க்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போனதும் முதல் வாக்கியமாக “அம்மை போட்டிருந்தபோது ஆஸ்பிரின் கொடுத்தோம்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் ரத்தத்தில் அம்மோனியா, சர்க்கரை, கல்லீரல் என்சைம் எல்லாம் உடனே பார்ப்பார்கள். அடுத்த ஒரு வாரம், பத்து நாள் கண்ணை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, சின்னம்மைக்கு ஐபுபுரோஃபென் என்ற காய்ச்சல், வலி மருந்தும் கொடுக்க வேண்டாம் என்றும் இங்கே சொல்கிறார்கள், கொப்புளம் இருக்கும் இடத்தில் மோசமான தோல் தொற்று வரலாம் என்பதால். பாராசிட்டமால் போதும்.

ஆத்தங்கரை | காலை 6.20

காலையில் எழுந்ததும் இந்த இழையைப் படித்தேன். அந்தப் பெரியவரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். எனக்கு 61 வயது. எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் ஆஸ்ப்ரோ என்ற ஆஸ்பிரின் மாத்திரைதான், அம்மா பாதியாக உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பார். ஐந்து பிள்ளைகளும் பிழைத்துத்தான் இருக்கிறோம். தெருவில் எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு நோய் வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. லட்சத்தில் ஒருவருக்கு வருவதைச் சொல்லி ஒரு தாயை ராத்திரியெல்லாம் தூங்கவிடாமல் செய்வது நியாயமா?

பனிக்காலம் | காலை 7.05

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது, நானும் அதையே கேட்டவன். நியூஜெர்சியில் இருக்கிறேன். இங்கே என் மகளுக்கு ஃப்ளூ வந்தபோது ஆஸ்பிரின் அட்டையில் இருந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். கதை சிட்னியில் தொடங்குகிறது. டக்ளஸ் ரை என்பவர் அங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நோய்க்குறியியல் மருத்துவர், இறந்த பிள்ளைகளின் உடல் உறுப்புகளை ஆராய்வது அவர் வேலை. சில பிள்ளைகளின் கல்லீரல் வெளிறிப்போய்க் கொழுப்பேறி இருந்தது, மூளை வீங்கி இருந்தது, மற்ற நோய் எதோடும் அது ஒத்துப்போகவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டு குறிப்புகளைச் சேர்த்து 21 பிள்ளைகளைப் பற்றி 1963இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். 21இல் 17 பேர் இறந்திருந்தார்கள். அப்போது ஆஸ்பிரினை யாரும் சந்தேகிக்கவில்லை.

அமெரிக்காவில் 1980ஐ ஒட்டிச் சில மாநிலங்களில் நோய் வந்த பிள்ளைகளையும், அதே வைரஸ் காய்ச்சல் வந்து இந்த நோய் வராத பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். காய்ச்சலுக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று பெற்றோரைக் கேட்டார்கள். நோய் வந்த பக்கத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஆஸ்பிரின் கொடுத்திருந்தார்கள். 1979-80இல் மட்டும் 555 பிள்ளைகளுக்கு வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1982இல் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி எச்சரிக்கை விட்டார், பாட்டிலில் அச்சடிக்கவும் அரசு யோசித்தது, ஆஸ்பிரின் கம்பெனிகள் இன்னும் சரியாக நிரூபிக்கவில்லை என்று எதிர்த்தன, அரசு பின்வாங்கியது. பாட்டிலில் எச்சரிக்கை கட்டாயமானது 1986இல். இடையில் நான்கு குளிர்காலம். பாட்டிலில் ஒரு வரி இல்லாததால் ஆஸ்பிரின் கொடுத்த அப்பா அம்மா எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள், அவர்களும் உங்கள் அம்மா மாதிரி பாசத்தில்தான் கொடுத்தார்கள்.

எச்சரிக்கை பரவியதும் எண்ணிக்கை சரிந்தது. 1987க்குப் பிறகு எந்த ஆண்டும் 36ஐத் தாண்டவில்லை, 1994 முதல் 1997 வரை ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் இல்லை. பதிவானவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் இறந்தார்கள். நீங்கள் ஐந்து பேரும் பிழைத்தீர்கள், ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வருவதில்லை. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதே காய்ச்சலை இறக்கப் பாராசிட்டமால் இருக்கும்போது அந்தச் சீட்டை எதற்கு இழுக்க வேண்டும்?

ஆத்தங்கரை | காலை 8.40

பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி தம்பி. 555இலிருந்து இரண்டு என்பதைப் பார்த்தால் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், எண்ணிக்கை குறைந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம் அல்லவா? பழைய நாளில் எது வந்தாலும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள்.

இரவுப்பணி | காலை 9.15

இருக்கிறது ஐயா, அதையும் மறைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ரை என்று பெயர் வைத்த பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் பிறவியிலேயே உடல் கொழுப்பை எரிக்க முடியாத குறைபாடு இருந்தது என்று பிறகு தெரிந்தது. வைரஸ் காய்ச்சலில் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தாலே அந்தப் பிள்ளைகளுக்கு இதே மாதிரி ஆகிவிடும். இப்போது அதற்கெல்லாம் பரிசோதனை வந்துவிட்டதால் தனியாகப் பிரித்துவிடுகிறார்கள். இந்தியாவிலேயே ஒரு கதை உண்டு, மேற்கு உத்தரப் பிரதேசத்தில் குளிர்காலம் வந்தால் கிராமத்துப் பிள்ளைகள் கொத்தாக இறந்தார்கள், மூளைக்காய்ச்சல் வைரஸ் என்றே பல வருஷம் நினைத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் இருந்த டாக்டர் ஜேக்கப் ஜானும் பிஜ்னோரைச் சேர்ந்த டாக்டர் விபின் வசிஷ்டாவும் போய்ப் பார்த்தால், ஆவாரைக்கு உறவான ஒரு காட்டுச் செடியின் காயைப் பிள்ளைகள் விளையாட்டாகத் தின்றிருக்கிறார்கள், அந்த விஷம்தான் கல்லீரலையும் மூளையையும் தாக்கியிருக்கிறது. ஆக, பெயர் மாறிப்போன நோயாளிகள் உண்மை.

ஆனால் அதை வைத்து ஆஸ்பிரினை விடுவிக்க முடியாது. 1980க்கும் 1997க்கும் இடையில் பதிவானவர்களில் ரத்தத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரின் உடம்பில் மாறும் பொருள், இருக்கிறதா என்று பார்த்தவர்களை எடுத்தால் பத்தில் எட்டுப் பேருக்கு அது இருந்தது. கல்லீரல் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதி வைரஸால் ஏற்கனவே தடுமாறிக்கொண்டிருக்கும்போது ஆஸ்பிரின் போய் அதை இன்னும் முடக்குகிறது என்றுதான் விளக்குகிறார்கள். வெளியேற வேண்டிய அம்மோனியா ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகிறது, மூளை வீங்குகிறது. பிரிட்டனில் 1986இல் 12 வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் வேண்டாம் என்றார்கள், 2002இல் அதை 16 வயதாக உயர்த்தினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து 14 வருஷம் ஆகிறது, ஒரு ரை நோயாளியைக்கூடப் பார்த்ததில்லை. எங்களுக்குப் பாடம் எடுத்த மூத்த நர்ஸ் பார்த்திருக்கிறார். பேசிக்கொண்டிருந்த பிள்ளை மறுநாள் வென்டிலேட்டரில் இருந்ததை அவர் சொல்லும்போது வகுப்பில் யாரும் அசையவில்லை.

மருந்துக்கடைக்காரன் | காலை 10.30

கடை திறந்ததும் எழுதுகிறேன். எங்கள் பக்கத்துப் பிரச்சினை வேறு. பிள்ளைக்கு என்று சொல்லி ஆஸ்பிரின் கேட்பவர்கள் குறைவுதான். ஆனால் வீட்டில் தாத்தாவுக்கு ஈக்கோஸ்பிரின் இருக்கிறது, பாட்டிக்கு டிஸ்பிரின் இருக்கிறது, இரண்டிலும் ஆஸ்பிரின்தான் என்று வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. “இதய மாத்திரை”, “தலைவலி மாத்திரை” என்று வேறு வேறு பெயரில் பழகிவிட்டார்கள். 75 மி.கி. மாத்திரையைப் பார்த்துச் சின்னதாக இருக்கிறது, பிள்ளைக்கு ஏற்றது என்று நினைப்பவர்களும் உண்டு. அட்டையில் அசிட்டைல் சாலிசிலிக் ஆசிட் என்று இருந்தாலும் அதே மருந்துதான். வாய்ப்புண்ணுக்குத் தடவும் சில ஜெல்லில் கோலின் சாலிசிலேட் இருக்கும், அதையும் பல் முளைக்கும் குழந்தை ஈறில் தடவுகிறார்கள், வேண்டாம்.

சரி, பாராசிட்டமால் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாமா என்றால் அதுவும் இல்லை. ஒரு தடவைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி., இரண்டு தடவைக்கு நடுவில் குறைந்தது நாலு மணி நேரம், ஆறு மணி என்றால் இன்னும் நல்லது. சிரப் 5 மில்லியில் 120 இருக்கும், 250 இருக்கும், கைக்குழந்தைச் சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 இருக்கும். “ஒரு மூடி” என்ற கணக்கு எல்லாப் பாட்டிலுக்கும் ஒத்துவராது. சொட்டு மருந்தைச் சிரப் மாதிரி 5 மில்லி ஊற்றினால் 500 மி.கி. போய்விடும், அளவு மீறினால் பாராசிட்டமாலே கல்லீரலைக் கெடுக்கும். கடையில் கேளுங்கள், அளவுக் கோடு போட்ட சிரிஞ்ச் கொடுப்போம்.

பனங்கற்கண்டு | மதியம் 12.50

நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் சின்னம்மையையும் ஃப்ளூவையும் கதைக்கிறீர்கள், டெங்குவை மறந்துவிடாதீர்கள். எங்களுக்கு இந்த விஷயம் மனதில் பதிந்தது டெங்குவால்தான். 2017இல் இலங்கை முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, அந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல் இல்லாத வீடு இல்லை. அப்போது டொக்டர்மார் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: பரசிட்டமோல் மட்டும், அஸ்பிரின் வேண்டாம், புரூஃபன் (ஐபுபுரோஃபென்) வேண்டாம், டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் வேண்டாம். டெங்குவில் இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஏற்கனவே குறைந்துகொண்டு போகும், அஸ்பிரின் மிச்சமிருக்கிற தட்டணுக்களையும் வேலை செய்ய விடாது, ஒருமுறை அப்படி ஆன தட்டணு அதன் ஆயுள் முடியும் வரை, ஒரு வாரம் பத்து நாள், திரும்ப வேலை செய்யாது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் வெளியில் தெரியாது.

டெங்குவிலும் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் சில்லென்று ஆவது, சிறுநீர் குறைவது, இதெல்லாம் வந்தால் ஓட வேண்டும். காய்ச்சல் என்ன காரணத்தால் என்று முதல் நாள் யாருக்கும் தெரியாது. அதனால்தான் எந்தக் காய்ச்சலுக்கும் வீட்டில் இதைத் தொடக்கூடாது என்கிறேன்.

மருந்துக்கடைக்காரன் | மதியம் 1.10

இதைச் சொன்னது மிக நல்லது அக்கா. இங்கே பிள்ளைகளுக்கு மெஃப்டால் சிரப் நிறையப் போகிறது, காய்ச்சல் சட்டென்று இறங்குகிறது என்று அம்மாக்கள் அதையே கேட்கிறார்கள். அதுவும் ஐபுபுரோஃபென் ஜாதிதான், டெங்கு சந்தேகம் இருக்கும் சீசனில் டாக்டர் எழுதாமல் கேட்காதீர்கள். நிமெசுலைடு என்ற காய்ச்சல் மருந்து இந்தியாவில் 12 வயதுக்குக் கீழே 2011இலேயே தடை செய்யப்பட்டது.

சின்னக்கிளி | மாலை 4.25

இந்த இழையைப் படித்துக் கை நடுங்குகிறது. என் மகளுக்கு மூன்று வயது. போன மாதம் ஆறு நாள் விடாத காய்ச்சல், கண் சிவப்பு, உதடு வெடிப்பு, கடைசியில் கவாசாகி நோய் என்று கண்டுபிடித்தார்கள். ரத்தக் குழாயில் ஊசி மருந்து ஏற்றினார்கள். இப்போது தினமும் கொஞ்சம் ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஆறு முதல் எட்டு வாரம். இதைப் படித்ததும் இன்றைய டோஸைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். நிறுத்திவிடலாமா?

இரவுப்பணி | மாலை 4.33

நிறுத்தாதீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள், இன்றைய டோஸைப் பற்றி இப்போதே உங்கள் டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள்.

நாங்கள் இவ்வளவு நேரம் பேசியது காய்ச்சலை இறக்க வீட்டில் நாமாகக் கொடுக்கும் ஆஸ்பிரினைப் பற்றி. உங்கள் மகளுடையது வேறு. கவாசாகி நோய் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை வீங்க வைக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் நான்கில் ஒரு பிள்ளைக்கு அந்தக் குழாய் பலூன் மாதிரி புடைக்கலாம், உங்கள் மகளுக்கு ரத்தக் குழாயில் ஏற்றிய இம்யூனோகுளோபுலின் மருந்தைக் கொடுத்தால் அது நூற்றுக்கு ஐந்து அளவுக்குக் குறைகிறது. புடைத்த இடத்தில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. அளவில் ஆஸ்பிரின். உங்கள் டாக்டர் ஆபத்து இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இது. வீட்டிலோ பள்ளியிலோ யாருக்காவது சின்னம்மை அல்லது ஃப்ளூ என்று தெரிந்தால், மகளுக்கு ஒன்றும் வராவிட்டாலும் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் கொஞ்ச நாளைக்கு வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். ஃப்ளூ தடுப்பூசி கேளுங்கள், ஊசியாகப் போடுவது, மூக்கில் அடிப்பது வேண்டாம். இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருப்பதால் தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளைச் சுமார் 11 மாதம் தள்ளிப் போடுவார்கள், அட்டவணையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் ஐபுபுரோஃபென் கொடுக்காதீர்கள், அது ஆஸ்பிரினின் வேலையைத் தடுத்துவிடும்.

இழையைப் படிக்கும் மற்றவர்களும், ருமாட்டிக் காய்ச்சலுக்கோ இதயக் கோளாறுக்கோ பிள்ளைக்கு ஆஸ்பிரின் எழுதியிருந்தால், இங்கே படித்ததை வைத்து நிறுத்த வேண்டாம்.

வாசல்கோலம் | இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரியே டாக்டரிடம் பேசினேன், காலையில் பையனை நேரில் பார்த்தார், ரத்தமும் எடுத்தார், இப்போதைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, வாந்தி வந்தால் நேரம் பார்க்காமல் கூப்பிடச் சொன்னார். பையன் இன்று மூன்று இட்லி சாப்பிட்டான், அரிப்புதான் தாங்க முடியவில்லை என்கிறான்.

சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “எங்கம்மா இருந்திருந்தா அம்மை போட்ட வீட்டுல மாத்திரையே கூடாதுன்னு வேப்பிலையோட விட்டிருப்பா, நான்தான் பொறுக்காம கொடுத்துட்டேன்” என்றார். அது எனக்கு மிகவும் வலித்தது. பாட்டி சொன்னபடி மருந்தே கொடுக்காமல் இருப்பதும் சரியில்லை மாமா, டாக்டர் கொடுத்த சிரப் ஃப்ரிட்ஜ் மேலே இருந்தது, அதை நான் உங்களிடம் காட்டிவிட்டுப் போகாததுதான் தப்பு என்றேன். அவரே எழுந்து போய்த் தன் மாத்திரை டப்பாவைப் பிரித்து, ஆஸ்பிரின் இருக்கும் இரண்டு அட்டையிலும் பேனாவால் “பெரியவருக்கு மட்டும்” என்று எழுதினார். இப்போது பையன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், நான் போய்த் தூங்கு என்கிறார்.

சின்னக்கிளி | இரவு 10.20

டாக்டரிடம் பேசிவிட்டேன். இன்றைய டோஸை இப்போதே கொடுக்கச் சொன்னார், கொடுத்துவிட்டேன். எதிர் வீட்டுப் பையனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் என்பதையும் சொன்னேன், அது என்ன காய்ச்சல் என்று தெரிந்ததும் உடனே சொல்லச் சொன்னார். காலையில் போய்க் கேட்கிறேன்.